ஐந்து வருடம் கழித்தும் இதே நாற்காலி

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைக்கு,

பொருள்: அப்ரைசல் படிவம், 7-வது கேள்வி.

சோழிங்கநல்லூர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஏசி காற்று நேராகப் பிடரியில் விழாத ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுதுகிறேன். "ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?" என்று இந்த வருடமும் கேட்டிருக்கிறீர்கள். "இங்கேதான்" என்று போட்டேன். ஐம்பது எழுத்தாவது வேண்டும் என்று படிவம் சிவந்தது. "இங்கேதான், இதே நாற்காலியில், கேன்டீன் சாம்பார் இப்படியே இருந்தால் சாப்பாடு வீட்டிலிருந்து" என்று நீட்டினேன். படிவம் அடங்கியது. மேனேஜர் அடங்கவில்லை.

"உங்களிடம் பசியே இல்லை" என்றார். மணி பன்னிரண்டரை, நிறையவே இருந்தது. அப்புறம், வயிற்றில் நெருப்பு வேண்டும் என்றார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் பெண்ணுக்கு வரன் தேடும் அப்பாக்கள் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். என் பெண் நாலாவதுதான் படிக்கிறாள்.

நான் பார்த்துக்கொள்வது கோபாலை. பெயரை வைத்துப் பக்கத்து சீட்டுக்காரர் என்று எண்ண வேண்டாம். 1959-ல் பிறந்த கணினி மொழி. இன்றும் வங்கிக் கணக்குதான் பார்க்கிறது. ஆர்க்கிடெக்ட் ஆக்குங்கள் என்று ஒருநாளும் மனு கொடுத்ததில்லை. பதினாலு வருடமாக அதன் ராத்திரி ஜாப் நின்றால் தட்டி எழுப்புவது நான். மாதக் கடைசியில் எது முரண்டு பிடிக்கும், எது சும்மா பயம் காட்டும் என்று தெரியும். லீட் ஆனால் இதையெல்லாம் மறந்து, யார் எப்போது லீவு என்கிற எக்செல்லுக்குப் பச்சையும் மஞ்சளும் பூச வேண்டும். வேலை தெரிந்தவரை வேலை தெரியாத நாற்காலி வரும்வரை ஏற்றிக்கொண்டே போவார்கள் என்று 1969-ல் வந்த 'தி பீட்டர் பிரின்சிபிள்' புத்தகம் பகடி பண்ணியது. ஐந்தாவது மாடிக்கு ஒருமுறை போய்வந்த பிறகு எனக்கு அது பகடியாகத் தெரியவில்லை.

உங்கள் பெல் கர்வையும் குறை சொல்ல மாட்டேன். ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச், ஊழியர்களை 20, 70, 10 என்று கூறுபோட்டார்: கொண்டாட, வைத்துக்கொள்ள, அனுப்ப. அந்த மாதிரித் தரவரிசையை மைக்ரோசாஃப்ட் 2013-லேயே மூட்டை கட்டிவிட்டது. நீங்கள் விடுவதாக இல்லை. சரி, எழுபது பேர் நடுவில் நின்றால்தானே இருபது பேர் உயரமாகத் தெரிவார்கள்? வருடாவருடம் அந்த நடுவிடத்தை விரும்பி நிரப்புகிறேனே, அதற்கொரு சான்றிதழ் கிடையாதா? (வேண்டாம், மேடையில் நாலு வார்த்தை பேசச் சொல்வீர்கள்.)

ஆசையே இல்லாத ஆள் என்று குறித்துவிடாதீர்கள். ஆறு மணி கேபைப் பிடித்து ஏழுக்குள் மேடவாக்கம் சேர ஆசை. பெண்ணுக்கு வகுத்தல் கணக்கு சொல்லித்தர ஆசை. விலைவாசிக்குத் தக்க சம்பளம் ஏறவும் ஆசைதான். அதற்குத்தான் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். 'விரும்பும் அடுத்த பதவி' பட்டியலில் 'எதுவும் வேண்டாம்' என்று ஒன்றைச் சேருங்கள். இந்த முறை அது இல்லாததால், பட்டியலில் முதலில் இருந்த 'அசோசியேட் வைஸ் பிரசிடென்ட்' தானாகவே பதிவாகிவிட்டது. தயவுசெய்து கொடுத்துத் தொலைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி, ஜன்னலோரம்

பி.கு.: நேற்று ராத்திரி 2:10-க்கு நின்ற ஜாப் 2:35-க்கு ஓடிவிட்டது. டிக்கெட்டை மூடிவிட்டேன்.