குட்டி யானையின் முன்னங்கால் புதுக்கம்: கடலூர் மஞ்சக்குப்பம் பட்டறை மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறையும் எல்லையும்

குட்டி யானை என்பது டாடா மோட்டார்ஸ் 2005-இல் வெளியிட்ட ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டி. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின், 12 அங்குலச் சக்கரம், முக்கால் டன் சுமை என்பன அதன் ஏட்டு இலக்கணம். ஏட்டுக்கும் வழக்குக்கும் உள்ள வேறுபாடு பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றும்போது புலப்படும். பத்தாண்டு கடந்த வண்டியின் முன் ஆக்சிலில் பட்டை, கிங் பின், டை ராடு எண்டு, ஷாக்கப்சர் ஆகியவற்றைக் கழற்றிப் புதுக்குவதே இங்கு ஆய்பொருள். பின்பட்டை தனி ஆய்வுக்கு உரியது. ஹாரன் ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

2. தோற்றம்

எஃகுப் பட்டைகளை அடுக்கி வண்டியைத் தாங்கும் முறைக்கு ஒபதையா எல்லியட் 1804-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கிங் பின்னில் திரும்பும் அமைப்பை மியூனிக் வண்டிக் கலைஞர் லாங்கென்ஷ்பெர்கர் கண்டார். 1818-இல் லண்டனில் அதைப் பதிவு செய்த அக்கர்மன் பெயரே அதற்கு நிலைத்தது. உழைத்தவர் ஒருவர், பேர் வாங்கியவர் ஒருவர் என்னும் இம்மரபு, பட்டறையில் பையன் கழற்ற முதலாளி பில் போடும் வழக்கமாக இன்றும் தொடர்கிறது.

3. நோய் முதல்

கடலூர் வட்டாரத்தில் முன்னங்கால் தேய்வுக்கு மூன்று காரணங்கள் கூறப்படும். முதலாவது வங்கக்கடல்: உப்புக்காற்று யூ போல்ட்டின் மரையைத் தின்றுவிடுகிறது. இரண்டாவது மீன்: முதுநகர்த் துறைமுகத்திலிருந்து போகும் பெட்டிகளில் பனிக்கட்டி கரைந்து, உப்புநீர் வழியெல்லாம் அடிப்பாகத்தில் சொட்டுகிறது. மூன்றாவது மனிதர்: முன் ஆக்சிலுக்கு ஏறக்குறைய நேர் மேலே இருக்கும் இருவர் இருக்கையில் மூவர் அமர்வதும், நால்வர் அமர முயல்வதும் மரபு. கடலுக்கும் மீனுக்கும் பரிகாரம் உண்டு.

4. ஓசை இலக்கணம்

நோய் நாடலில் ஓசையே முதற்சான்று. அது மூவகைப்படும். வேகத்தடையில் ‘டக், டக்’ என்பது வல்லினம். பட்டைக்கண் புஷ் அல்லது ஷாக்கிள் தேய்ந்தது என்க. நேர்ச்சாலையில் ‘ஙொய்ங்’ என்பது மெல்லினம். வீல் பேரிங்கில் கிரீஸ் வற்றியது. மண்பாதையில் ‘லொட லொட’ என்பது இடையினம். டை ராடு எண்டு ஆடுகிறது. ஓசையே இன்றி வண்டி மட்டும் குதித்துக்கொண்டிருந்தால் ஷாக்கப்சரில் எண்ணெய் இல்லை. எஃப்.எம். ஒலியைக் கூட்டினால் நான்கு நோயும் தற்காலிகமாக நீங்கும் என்பது ஓட்டுநர் கொள்கை. இது தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. நாளன்று செல்லாது.

ஓசையை உறுதிசெய்யும் சோதனை பின்வருமாறு. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். இடவலமாக ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்டு.

5. கழற்றல்

சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்துக. ஆக்சிலைத் தூக்கியபின் சேஸுக்கு ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் நுழைவோர் ஆய்வை முடிக்காமலே போக நேரும். பட்டை, டிரம், டை ராடு ஆகியன எளிதில் கழலும். கிங் பின் கழலாது. லாக் பின்னைத் தட்டி எடுத்தபின் டீசல் ஊற்றி ஊறவிடுவது சாமம், சுத்தியல் தண்டம், கேஸ் வைத்துச் சூடேற்றுவது அதனினும் கொடிது. இறுதியில் பிரஸ் உள்ள கடைக்கு ஆக்சில் ஆட்டோவில் பயணமாகும். புதுப் புஷ் இறக்கும்போது அதன் துளை கிரீஸ் நிப்பிளின் துளைக்கு நேராக நிற்க வேண்டும். தவறினால் அடிக்கிற கிரீஸ் பின்னைச் சேராது. பின்னர் லேத்தில் ரீமர் போட்டு, பெருவிரலால் அழுத்தினால் பின் ஆட்டமின்றி இறங்கும் அளவுக்குப் புஷ்ஷைப் பதப்படுத்துவர்.

6. பட்டைப் பிணக்கு

இத்துறையில் தீராத பூசல் ஒன்று உண்டு. தொய்ந்த பட்டைக்கு மேல் இன்னொரு பட்டை போடுக என்பார் ஒரு சாரார். கம்பெனிப் பட்டையே மாற்றுக என்பார் மறுசாரார். ஏஸின் முன்பட்டை பாரபோலிக் வகை: நடுவில் தடித்து நுனியில் மெலிந்தது, பட்டைகள் நடுவிலும் நுனியிலும் மட்டுமே ஒன்றையொன்று தொடும். இடையில் தட்டையான பட்டையைச் செருகினால் உரசல் கூடி, வளையும் இயல்பு கெட்டு, மெயின் பட்டை ஒடியும். உலையில் காய்ச்சி வளைத்துத் தரும் பட்டை பார்வைக்கு நிமிரும். பதம் போனதால் சில மாதத்தில் மீண்டும் படுக்கும். ஆகவே மறுசாரார் கூற்றே வலியுடைத்து. முற்சாரார் கூற்றோ மலிவுடைத்து என்பதால் அதுவே பரவலாக வழங்குகிறது.

7. பூட்டல்

சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் குழியில் அமர்ந்தபின்பே யூ போல்ட்டை இறுக்க வேண்டும். பழைய யூ போல்ட்டை மீண்டும் போடலாகாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் நின்று எடை ஏறியபின் முறுக்குக. தொங்கும்போது முறுக்கினால், இறக்கியதும் புஷ் முறுகிக் கிழியும். முன்சக்கரங்களின் முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்குமாறு டை ராடைத் திருகிச் சரிசெய்வர். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சை வைப்பது அடுத்த படி. இதற்கு டார்க் அளவு வகுக்கப்படவில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒரு சுற்று, பீச் ரோட்டில் தேவனாம்பட்டினம் வரை ஓர் ஓட்டம் என்பதே சோதனை முறை. ஸ்டியரிங்கை விட்டால் வண்டி எப்பக்கமும் இழுக்காமல் போவது தேர்ச்சி.

8. முடிபு

புதுக்கம் பொய்ப்பது பெரும்பாலும் உதிரி பாகத்தால் அன்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றும் சிக்கனத்தால். இடமும் வலமும் சேர்த்தே மாற்றுக. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்குக. மீன்லோடு இறக்கிய அன்றே நல்ல நீரால் அடிப்பாகத்தைக் கழுவுக. நிப்பிள்தோறும் தவறாமல் கிரீஸ் இடுக. மூன்றாம் ஆளைப் பேருந்தில் அனுப்புக.