பக்கத்தில் டம்ளர் வைக்காதே

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் மேஜைக்கென்று தனிச் சட்டம் உண்டு. காபி டம்ளர், தண்ணீர் பாட்டில், ஈரக்கை எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது. சட்டத்தை இயற்றியவன் நான், அமல்படுத்துகிறவனும் நானே. மீறிப் பிடிபட்டவர்கள் பட்டியலில் அம்மாவும் உண்டு. ஆகவே, கம்ப்யூட்டருக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் விடப்போகிறேன் என்று நான் அறிவித்ததும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்டா, பக்கத்துல டம்ளர் வெச்சதுக்கே அன்னிக்கு அந்தக் குதி குதிச்ச?"

"அது வெளிய இருக்கற தண்ணிம்மா. இது உள்ளயே சுத்தற தண்ணி."

மனைவி கேட்டது வேறு. "எவ்வளவுங்க ஆகும்?"

இந்த மாதிரிக் கேள்விக்கு ரூபாயில் பதில் சொல்லக்கூடாது. வாட்டில் சொன்னேன். என் ஆர்.டி.எக்ஸ். 3080 கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடினால் 320 வாட். ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸரின் பெட்டியில் 105 வாட் என்று போட்டிருந்தாலும், அவசரத்துக்கு 142 வாட் வரை இழுத்துக்கொள்ளும். ஆக மொத்தம் 460 சொச்சம். இத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அதைக் காற்றைவிடத் தண்ணீர் நன்றாகச் சுமக்கும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க ஒரு கிலோ காற்றைப் போல நாலு பங்கு வெப்பம் வேண்டும். வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் கெட்டிக்காரத்தனம். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ரூபாய்ல?" என்றார்.

அம்மாவின் அடுத்த கேள்விதான் என்னைத் தடுமாற வைத்தது. "அப்ப மண்பானைத் தண்ணி மாதிரி ஜில்லுன்னு இருக்குமா?"

இருக்காது. மண்பானை வியர்க்கிறது. உடம்பெல்லாம் கசிந்து, கசிந்த நீர் ஆவியாகிப் போகும்போது உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பானைத் தண்ணீர் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. என் தண்ணீருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றுவது. ஒரு சொட்டு கசிந்தாலும் குடும்பத்துக்கே கேடு. எனவே அறையின் வெப்பத்துக்குக் கீழே அது ஒருநாளும் இறங்காது. வேலை நடக்கும்போது பத்து டிகிரி போல மேலேதான் நிற்கும். மே மாதம் எங்கள் அறை 35 டிகிரி என்றால் தண்ணீர் 45.

"வெந்நீர வெச்சா குளிர வைக்கப் போற?"

70, 80 டிகிரியில் கொதிக்கிற சிலிக்கனுக்கு 45 டிகிரி குளிர்ந்த நீர்தான். ஆனால் இதை வாய்விட்டுச் சொன்னால் கேட்க நன்றாக இல்லை.

இன்னொரு விஷயத்தையும் வீட்டில் அதிகம் பேசவில்லை. தண்ணீர் வெப்பத்தை அழித்துவிடாது. தூக்கிக்கொண்டு போய் ரேடியேட்டர் வழியாக அதே அறையில் கொட்டும். அதை அறையை விட்டு அனுப்ப ஏ.சி. வேண்டும். ஒரு டன் ஏ.சி. என்றால் என்ன டன்? ஒரு அமெரிக்க டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ அந்த வேகம். சுமார் 3,500 வாட். என் பெட்டி மட்டும் அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மெரினாவுக்கு எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-ல் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் ஏரியில் வெட்டிய ஐஸ் பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்து அங்கே இறங்கியது. குளிர்ச்சியை வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்து வரவழைப்பது மெட்ராஸ்காரனுக்கு ரத்தத்தில் ஊறியது என்று மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். எடுபடவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடையில் ஒரு பையன் எனக்கு உண்மையான அறிவுரை சொன்னான். "அண்ணா, ஏ.ஐ.ஓ. எடுத்துக்கங்கண்ணா. பம்ப், பிளாக், ரேடியேட்டர் எல்லாம் ஒண்ணா சேர்ந்து வரும். தண்ணி அவனே ஊத்திக் குடுத்துருவான். மாட்னா முடிஞ்சுது." அதைவிடவும் மலிவாக, இரட்டைக் கோபுரமாக நிற்கும் நல்ல ஏர் கூலர் ஒன்றையும் எடுத்துக் காட்டினான். அவன் சொன்னது அத்தனையும் சரி. 5800எக்ஸ் விஷயத்தில் இன்னும் சரி. அதன் சூடெல்லாம் சுண்டுவிரல் நகமளவு சிலிக்கன் துண்டில் பிறக்கிறது. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து சூடு மேலே ஏறி வருவதே பெரும்பாடு. மேலே காத்திருப்பது தண்ணீரா காற்றா என்பதெல்லாம் பிறகுதான். கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் இதில் உண்மையான லாபம்.

இருந்தும் ஏன் தனித்தனியாக வாங்கி, குழாய் வெட்டி, கோத்து, சிரமப்பட வேண்டும்? இப்போது கம்ப்யூட்டர் கேஸ்களுக்கு ஒரு பக்கம் கண்ணாடி வைக்கிறார்கள். கண்ணாடி வைத்தால் உள்ளே பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? பழையபடி தகரக் கதவு மட்டும் இருந்திருந்தால் இந்தத் தொழிலில் பாதிக் கம்பெனிகள் ஷட்டரை இறக்கியிருக்கும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். டிகிரி கணக்கெல்லாம் வீட்டில் சொல்லிக்கொள்ள.

முன்னோடிகளுக்கு அந்த ஆடம்பரம் இருக்கவில்லை. இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன் மேல்நாட்டு ஆர்வலர்கள் பழைய காரிலிருந்து ஹீட்டர் கோரைக் கழற்றி ரேடியேட்டராக வைத்தார்கள். மீன்தொட்டி பம்ப்பைப் போட்டுத் தண்ணீரைச் சுற்ற விட்டார்கள். அதே வழியில் போனால் எவ்வளவு மிச்சம் என்று நானும் யோசித்தேன். மீன்தொட்டி பம்ப்புக்குக் கொளத்தூர் மீன் கடைகள் இருக்கின்றன. ஹீட்டர் கோருக்கு எங்கே போவது? சென்னையில் கார் ஹீட்டரைப் போட்டுப் பார்த்த ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே கடைச்சரக்குதான். முதலில் கார்டுக்கான பிளாக், அதாவது சிப்பின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீரிடம் ஒப்படைக்கும் உலோகக் கட்டி. பிராசஸர் பிளாக் சாதுவான பிறவி. சாக்கெட் பெயரைச் சொன்னால் போதும், பொருந்திவிடும். கிராபிக்ஸ் கார்டு பிளாக் அப்படியல்ல. 3080 என்று சொன்னால் போதாது. எந்தக் கம்பெனியின் 3080, அதில் எந்த மாடல், அதிலும் போர்டு எத்தனையாவது திருத்தம்? சிப் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு கம்பெனியும் போர்டில் கெப்பாசிட்டரையும் மற்றதையும் தன் இஷ்டத்துக்கு வைக்கும். பிளாக்கில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அதனதன் இடத்துக்கு நேராக வராவிட்டால் உட்காராது. ஜாதகப் பொருத்தமேதான்: ராசி, நட்சத்திரம் எல்லாம் சேர்ந்து, பாதத்தில் தட்டிப்போகும். என் கார்டுக்கு ஸ்லோவேனியாவில் ஒரு வரன் கிடைத்தது. அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரேடியேட்டருக்கு 120 மி.மீ. மின்விசிறிதான் அலகு. 240 என்றால் இரண்டு விசிறி, 360 என்றால் மூன்று. சூடாகும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விசிறி, அதற்கு மேல் இன்னும் ஒன்று என்பது பழங்கணக்கு. அது குளிர்நாட்டார் போட்டது. சென்னைக்கு அதை இரட்டித்தாலும் பாவமில்லை என்று 360-ம் 240-ம் எடுத்தேன். பிரச்சினை தடிமன். 30 மி.மீ. ரேடியேட்டரோடு 25 மி.மீ. விசிறியைச் சேர்த்தால் 55. மேல்பக்கம் மாட்டினால் ரேம் இடிக்கும். முன்பக்கம் மாட்டினால் நீளமான கார்டு இடிக்கும். அம்மாவின் தையல் டேப்பை வைத்துக்கொண்டு கேஸுக்குள் தலையை விட்டிருந்த என்னைப் பார்த்து, பக்கத்து ஃபிளாட் மாமி, "பிளவுஸா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பம்ப்பில் தயக்கமே இல்லை: டி5. இந்தக் கூட்டத்தில் எனக்கு நிஜமாகவே மரியாதை வந்த பொருள் இது ஒன்றுதான். உள்ளே அச்சுத்தண்டு கிடையாது. கிண்ணம் போன்ற சுழலி ஒரு சிறு பீங்கான் குண்டின் மேல் உட்கார்ந்து சுற்றுகிறது. ஓடுகிற தண்ணீரே அதற்கு எண்ணெய். அதனால்தான் காய்ந்த நிலையில் ஓட விடாதே என்று தலையில் அடித்துச் சொல்கிறார்கள். முழு வேகத்தில் இருபது வாட் சொச்சம் குடிக்கும். குறைத்து வைத்தால் இருக்கிற இடம் தெரியாது. தண்ணீர் முதலில் பிராசஸருக்கா கார்டுக்கா என்று ஆர்வலர்கள் கட்சி கட்டிச் சண்டை போடுவது வேறு கதை. நிமிஷத்துக்கு நாலு லிட்டர் சுற்றினால், 460 வாட்டையும் வாங்கிக்கொண்ட தண்ணீர் புறப்பட்டதைவிட ஒன்றரை டிகிரி சொச்சம்தான் கூடச் சூடாகும். எதை முதலில் வைத்தாலும் குடிமுழுகாது. குழாய் எப்படிப் போனால் பார்க்க அழகோ அப்படி விடலாம்.

இனி ஃபிட்டிங். தண்ணீரில் கை வைக்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியை உட்கார்ந்துகொண்டு படிக்கவும். இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர், தொட்டியோடு சேர்ந்த பம்ப் ஒன்று. ஆக ஐந்து சாமான். ஐந்தையும் வட்டமாக இணைக்க ஐந்து துண்டுக் குழாய். ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு முனை, முனைக்கு ஒரு ஃபிட்டிங். பத்தாயிற்றா? குழாய் மடங்கும் இடத்தில் தொண்ணூறு டிகிரி முழங்கை. தண்ணீரை என்றைக்காவது வடிக்க வேண்டுமே, அதற்கு ஒரு டி, ஒரு வால்வு, அவற்றை இணைக்க மறுபடி ஃபிட்டிங். நல்லதாக ஒன்று ஐந்நூறு ரூபாயைத் தாண்டும். மனைவி வங்கியில் இருப்பவர். என் பட்டியலை வாங்கிப் பார்த்து, "இதுல 'இதர'ன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது ஏன் ரேடியேட்டரை விட அதிகமா இருக்கு?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சமையலறைக் குழாய் பார்க்க வந்த பிளம்பரும் அந்தப் பித்தளைக் குவியலைக் கண்டுகொண்டார். ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "கால் இன்ச் மறை. எதுக்கு சார் இவ்ளோ பொடிசு?"

உலகமெல்லாம் இந்தச் சாமான்களுக்கு ஜி 1/4 மறைதான். வீட்டுக் குழாய் போலவே பிரிட்டிஷ் அளவு. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அளந்தால் வெளி விட்டம் 13 மி.மீ. வருகிறது, அரை இன்ச்சுக்கும் மேல். இது எப்படிக் கால் இன்ச்?

"சார், அது பைப்போட உள்ளளவு. வெளிய அளந்தா எப்படி வரும்?" என்றார், பச்சைப்பிள்ளையிடம் பேசுவதுபோல. அத்தோடு விட்டிருக்கலாம். "டெஃப்லான் டேப் சுத்தினீங்களா?"

"தேவையில்லண்ணே. உள்ள ஓ-ரிங் இருக்கு. கையால முடுக்கினாலே போதும்."

"கையாலயா? பக்கத்துல கரண்டு இருக்குதுன்றீங்க?" அவர் முகத்தில் தொழில் கௌரவம் புண்பட்டது நன்றாகத் தெரிந்தது. "எதுக்கும் எம்-சீல் வெச்சிரலாம் சார்."

அவரை வழியனுப்பச் சற்று நேரமாயிற்று.

குழாயில் இரண்டு கட்சி. கண்ணாடி போன்ற அக்ரிலிக், பெட்ஜி குழாய்களுக்குள் சிலிக்கோன் கயிற்றை விட்டு, ஹீட் கன்னால் வாட்டி வளைப்பவர்கள் ஒரு கட்சி. படத்தில் பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும். ஆனால் பெட்ஜி 60 டிகிரியை நெருங்கினாலே இளக ஆரம்பிக்கும். சென்னை மே மாதத்தில், ஏ.சி. இல்லாத மதியத்தில், தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதை முன்பே பார்த்தோம். வளைந்து கொடுக்கும் ரப்பர் குழாய்க்காரர்கள் மறு கட்சி. நான் கறுப்பு இ.பி.டி.எம். ரப்பரில் சேர்ந்தேன்: உள்ளே 10 மி.மீ., வெளியே 16. கத்தியால் வெட்டலாம், கையால் வளைக்கலாம். தெளிவான பிளாஸ்டிக் குழாய்களில் சில, நாள்பட்டால் தங்களை இளக வைத்திருக்கும் ரசாயனத்தைத் தண்ணீரில் கக்கி, பிளாக்கின் நுண்ணிய வரிகளை அடைத்துவிடும். இதில் அந்தத் தொல்லையில்லை. படம் அனுப்பியதற்கு நண்பன் ஒருவன் ஒரே வரியில் பதில் போட்டான்: "தண்ணியே தெரியலையேடா, அப்புறம் எதுக்குக் கண்ணாடி?"

உலோகத்தில் மட்டும் சமரசம் கூடாது. மலிவு ரேடியேட்டர்களில் அலுமினியம் இருக்கும். செம்பு பிளாக்கோடு அதை ஒரே தண்ணீரில் சேர்த்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். செம்பு, பித்தளை, நிக்கல் முலாம் இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். அம்மாவுக்கு இது விளக்காமலே புரிந்தது. "பித்தளைக்கு ஈயம் பூசற மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, இந்தத் திட்டத்தில் முதல் முறையாகத் தலையாட்டினார்.

மிச்சமிருந்தது தண்ணீர். மெட்ரோ தண்ணீரும் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது. டிஸ்டில்ட் வாட்டர் வேண்டும். அதில் துருவையும் பாசியையும் தடுக்கக் கொஞ்சம் மருந்து. இன்வெர்ட்டர் பேட்டரிக்கென்று வாங்கிய கேன் பால்கனியிலேயே இருந்தது. பட்டியலில் காசு கேட்காத ஒரே சாமான் அதுதான். ஆகவே நிறத்தைப் பற்றி வீடே பேச ஆரம்பித்தது. மகனுக்குப் பச்சை. மனைவிக்கு இளம் ரோஜா. அம்மா, "மஞ்சள்னா மங்களம்" என்றார். பால் கலந்தாற்போல மங்கலாக வரும் நிறத் திரவங்களில் உள்ள பொடி நாளடைவில் மூலைமுடுக்கில் படியும் என்று சொல்லி, நிறமே வேண்டாம் என்று தீர்ப்பளித்தேன்.

"எப்படியும் குழாய் கறுப்பு. தண்ணி தெரியறதே அந்தச் சின்னத் தொட்டியிலதான்" என்றேன்.

"அதுலயும் கலரில்லன்னா, பம்ப்பும் சத்தம் போடாதுன்னா, தண்ணி ஓடுதா நிக்குதான்னு எப்படிப்பா தெரியும்?" என்றான் மகன்.

சரியான கேள்வி. அதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சக்கரம் ஒன்று, தண்ணீர் ஓடினால் சுற்றும். விலையும் அதிகமில்லை. அன்றிரவே பட்டியலில் சேர்த்தேன். மனைவி எட்டிப் பார்த்தார். சக்கரத்தின் விலையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்தார்.

"இதுக்கும் ரெண்டு ஃபிட்டிங்கா?"