லென்ஸ் ஜீர்ணோத்தாரண விசாரம்

பிறர் அனுபவித்து முடித்த யந்திரமொன்றை விலை கொடுத்து வாங்கி, அதனை அக்கக்காகக் கழற்றிச் செய்தித்தாளின்மீது பரப்பி, மீண்டும் பூட்டியபின் மிச்சமாக நிற்கும் திருகாணி எந்த ஸ்தானத்தைச் சேர்ந்தது என்று ஆலோசிக்கும் வழக்கம் கோயமுத்தூர்ச் சீமையில் எக்காலத்தில் வேரூன்றியது என்ற பிரச்னையைச் சரித்திராசிரியர்கள் இதுகாறும் கவனியாது விட்டது வியப்புக்குரியது. பூர்வாசாரியர் இருவரை மட்டும் இங்கே ஸ்மரித்தால் போதும். ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில், டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்ப நினைத்த சமயத்தில், அவரிடமிருந்த படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். அப்பழஞ்சரக்கிலிருந்து வளர்ந்த காரியம் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹாலாக நிலைபெற்று, இன்றும் ஒரு சாலையின் பெயராக நிற்கிறது. கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடுவோ, வெள்ளைக்கார அதிகாரியொருவரின் மோட்டார் சைக்கிள்மேல் மோகங்கொண்டு, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதனை வாங்கிய கையோடு கழற்றிப் பூட்டினார் என்பார்கள். புதுச்சரக்கு வாங்கியதன் நிமித்தம் இவ்வூரின் ஸ்தல புராணத்தில் இடம்பெற்றவர் எவருமில்லை. ஆகவே, இணையத்தின் வழியே சேதமுற்ற பழைய காமிரா லென்ஸ் ஒன்றை வாங்கிய என் நண்பர் ஒருவர், தம் மனைவியார் உள்ளிட்ட பலரால் பலவாறு விமரிசிக்கப்பட்ட போதிலும், ஸ்தல சம்பிரதாயத்துக்கு இசைந்த காரியத்தையே செய்தார் என்பது இவ்வாராய்ச்சியின் சித்தாந்தம்.

ஆராய்ச்சிக்குரிய வஸ்து, ஹீலியோஸ் 44-2 என்னும் சோவியத் லென்ஸ். ஜெர்மனியில் யேனா நகரத்து ஜைஸ் கம்பெனியார் வகுத்த பயோட்டார் லென்ஸைப் பின்பற்றி, மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் முதலிய இடங்களின் ஆலைகளில், ஜெனித் காமிராவின் பொருட்டு லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. 58 மில்லிமீட்டர் குவியதூரம், நான்கு தொகுதிகளாக ஆறு வில்லைகள், ஒளித்துவாரத்துக்கு எட்டு இதழ்கள். மேனியில் பொறித்த எண்ணின் முதலிரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் பிறந்த ஆண்டையே காட்டுவதால் இதற்கு ஜாதகம் கணிக்க ஜோசியர் தேவையில்லை. விற்றவர் தம் விளம்பரத்தில், வயதுக்கேற்ற நிலையில் இருப்பதாக எழுதியிருந்தார். இதனைப் பொய்யென்று எந்த நியாயஸ்தலத்திலும் ருசுப்படுத்த இயலாது. ஐம்பது பிராயம் கடந்தவருக்கு முழங்காலில் பிடிப்பும், கண்ணில் படலமும், நெற்றியில் பழைய வடுவொன்றும் இருத்தல் சகஜமன்றோ? லென்ஸுக்கும் அம்மூன்றுமே இருந்தன: தூரம் கூட்டும் வளையம் கிரீஸ் இறுகித் திரும்ப மறுத்தது, உள்வில்லையில் பூஞ்சை படர்ந்திருந்தது, முன்விளிம்பு எங்கோ விழுந்து நசுங்கியிருந்தது.

பூஞ்சையின் பூர்வீகம் குறித்து இரு கட்சிகள் உண்டு. கடற்கரைப் பட்டினத்துச் சரக்காதலின் உப்புக்காற்றின் ஈரத்தில் அங்கேயே ஜனித்தது என்பது நண்பரின் கட்சி. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் ஈரக்காற்றே கோவையில் அதை வளர்த்தது என்பது விற்றவரின் கட்சி. பார்சலைப் பிரித்த மாத்திரத்திலேயே பூஞ்சை தென்பட்டதென்ற சிறு ஆட்சேபத்துக்கு இக்கட்சியில் சமாதானம் கூறப்படவில்லை. லென்ஸைத் தோலுறையிலிட்டு இருட்டு அலமாரியில் பூட்டி வைப்பவரே பூஞ்சைக்கு விருந்தோம்புகிறவர் என்பதில் மட்டும் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை.

காமிராக் கடைகளில் நிகழ்ந்தவற்றை விரிப்பின் பெருகும். எல்லோரும் அனுதாபத்தோடு திருப்பியனுப்பினார்கள். ஈற்றில் நண்பர் சரணடைந்தது ஆவாரம்பாளையத்தில், பம்பு மோட்டாருக்கு உதிரிபாகம் கடையும் ஒரு லேத் பட்டறையை. பட்டறைக்காரர் லென்ஸின் பின்புறத்து மரையில் கேஜை வைத்துப் பார்த்தார்.

“நாப்பத்திரண்டுக்கு ஒண்ணுங்க. ருசியாக்காரன் போட்டாலும் நம்மூர்க்காரன் போட்டாலும் மரை மரைதானுங்களே.”

“ஏனுங்ணா, கழட்டினா மறுக்காப் பூட்ட முடியுமுங்களா?” என்றார் நண்பர்.

“பூட்ட முடியாதத எவன் செஞ்சிருக்கான்?”

42 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மில்லிமீட்டர் புரியிடையுமே இவ்வினத்து லென்ஸுகளின் உலகறிந்த அளவு; அதனை நூல்களில் தேடித் தெரிந்துகொண்ட நண்பர், நூல் பாராது சொன்னவர் முன்னிலையில் நா எழாது நின்றார். நசுங்கிய விளிம்பு, மரக்கட்டையை உள்ளணைத்துத் தட்டிய சிறு சுத்தியலுக்குப் பணிந்தது. டைவைடரின் இரு முனைகளையும் அரத்தால் ராவியெடுத்து, வில்லையைப் பிடித்திருந்த வளையத்தின் இரு குழிகளில் நிறுத்தித் திருக, அதுவும் இளகிற்று. இனி வருவது சாஸ்திரத்தின் கடினமான அத்தியாயம். தூரம் கூட்டும் மரை ஒற்றை வாயுடையதன்று. சிறு திருப்பத்தில் நெடிது நகரும்பொருட்டுப் பல வாய்கள் வெட்டப்பட்டது. எந்த வாயில் கோத்தாலும் அது புகும், சுழலும், பூட்டியவனுக்குப் பரம திருப்தியையும் அளிக்கும். ஆயின் கடைசி அளவான அநந்தத்தில் நிறுத்தித் தொலைவிலுள்ளதைப் பார்த்தால் மட்டும் எல்லாம் மங்கலாகவே தோன்றும். முக்திக்கு மார்க்கங்கள் பல என்பர் பெரியோர். லென்ஸ் அநந்தத்தை அடைவதற்கு மார்க்கம் ஒன்றே. பட்டறைக்காரர் இதை எவரிடமும் பாடங்கேட்டவரல்லர். எனினும், மரை பிரியும் இடத்தில் ஊசியால் கீறி அடையாளமிட்டபின்னரே கழற்றினார். சினிமாக் காமிராவுக்குத் தூரம் திருத்தும் கருவி கண்ட ஜி. டி. நாயுடுவின் ஊரில் இதைப் பிதிரார்ஜித வித்தையென்று கொள்வதே பொருத்தம்.

இரும்பின் அதிகாரம் இவ்வளவில் முற்றுகிறது. கண்ணாடி அதிகாரத்தில் ஒரு மகா சங்கடம் நேர்ந்தது. கொங்கு நாட்டுப் பட்டறைகளில் சகலமும் துடைக்கப்படுவது திருப்பூர் பனியன் வேஸ்ட்டினால். அதே துணி, அதே கிரீஸுடன், வில்லையை நோக்கி வந்தபோது நண்பர் எழுப்பிய ஒலி எம்மொழியையும் சேர்ந்ததன்று. வில்லையின்மேல் மெல்லிய பூச்சு உண்டென்றும், அதிலொரு மணல் துகள் உராய்ந்தால் அக்கீறலை எந்த லேத்தாலும் திருப்பி எடுக்கவொண்ணாதென்றும் விளக்கப்பட்டபின், மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்ஸைடும் லென்ஸ் துடைக்கும் காகிதமும் தருவிக்கப்பட்டன. நடுவிலுள்ள இரட்டை வில்லைகள் பசையிட்டு ஒட்டியவை. பூஞ்சை அவ்வொட்டுக்குள் புகுந்திருப்பின் அசாத்திய ரோகம். நல்வினைப் பயனாக அது மேற்பரப்பிலேயே நின்றிருந்தது. படலம் நீங்கிற்று, அரித்த இடத்தில் சிலந்திநூல் போன்ற தடம் சிறிது எஞ்சியது, படத்தில் தெரியாத அளவுக்கு. சுத்தியல் வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்ட பட்டறைக்காரர், கண்ணாடிக்கு என்ன கூலி என்று தமக்குத் தெரியாதென்று சொல்லி அதற்கு ஒன்றும் வாங்கவில்லை.

பரீட்சை மொட்டைமாடியில் நடந்தது. அநந்தத்தில் மருதமலை தெளிவாக நின்றது. அடுத்து, பட்டறைக்காரரையே வேப்பமரத்துக்கு முன் நிறுத்தி, துவாரத்தை முழுதும் திறந்து, நண்பர் ஒரு படம் எடுத்தார். ஓரங்களின் ஒளிப்பிழைகள் முற்றத் திருத்தப்படாத அம்மூல வடிவத்தின் விசேஷத்தால், முகம் கூர்மையாக அமைய, பின்னணி இலைகளெல்லாம் முகத்தைச் சுற்றிச் சுழிசுழியாக விழுந்திருந்தன. உலகெங்கும் ரசிகர்கள் இந்த லென்ஸைத் தேடி வாங்குவது இச்சுழி ஒன்றுக்காகவே. நண்பர் பரவசமானார். பட்டறைக்காரர் படத்தை நெடுநேரம் நோக்கினார், முகம் வாடியது.

“ஏனுங்க, பின்னால மரமெல்லாம் கிறுகிறுன்னு சுத்துதுங்களே. கண்ணாடி கோணலா உக்காந்துக்கிச்சாட்ட இருக்குது. வெச்சுட்டுப் போங்க, நாளைக்குள்ள நேர் பண்ணிப் போடறேன்” என்று அவர் டைவைடரை மீண்டும் எடுத்தபோது, நண்பர் லென்ஸைப் பைக்குள் போட்டு, விடைபெறவும் மறந்து, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்.