புதையலுக்கும் நேரம் உண்டு

எங்கள் திருநீர்மலைக் காலனிப் பூங்காவில் புதையல் காலை ஐந்து முதல் ஒன்பது வரை, மாலை நான்கு முதல் எட்டு வரை கிடைக்கும். மற்ற நேரத்தில் கேட்டுக்குப் பூட்டு.

கோடை விடுமுறைக்காக நலச்சங்கம் பிடித்துவந்த விளையாட்டு இது. பெயர் லெட்டர்பாக்ஸிங். 1854-ல் இங்கிலாந்தின் டார்ட்மூரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். சதுப்பில் கால் புதைய நடந்துபோய்ச் சேர்ந்தவர்கள் அதில் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டு வந்தார்கள். அதன் பேரப்பிள்ளைதான் இன்றைய ஆட்டம். குறிப்பை வைத்து ஒளித்த பெட்டியைத் தேட வேண்டும். அதிலிருக்கும் ரப்பர் ஸ்டாம்பை நம் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும்.

டார்ட்மூரில் சதுப்பு, இங்கே எட்டு போட்டு நடக்கும் பாதையும் ஓபன் ஜிம்மும். முதல் குறிப்பு: "நம் ஊர்ப் பெருமாளின் நாலாவது கோலம் எதுவோ, அங்கே தேடு." அப்பாக்கள் செல்போனைத் தடவினார்கள். அடிவாரத்தில் நீர்வண்ணர் நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். ஆக, நடைபாதை! பிள்ளைகள் ஓடினார்கள். பெஞ்சுக்கடியில் பெட்டி. ஒருவரும் தொடவில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதே என்று மின்ரயில் நிலையத்தில் கேட்டு வளர்ந்த தலைமுறை.

எங்கள் காலத்தில் குறிப்பு எழுதித்தர யார் இருந்தார்கள்? மலையைச் சுற்றிய பொட்டலில் கற்கள் வட்டம் வட்டமாகப் பாதி புதைந்து கிடக்கும். ஒரு கல் எங்களுக்கு ஸ்டம்ப். இன்னொன்றில் சட்டையைக் கழற்றிப் போடுவோம். அவை இரும்புக்கால மனிதர்களின் ஈமச்சின்னங்கள், வயது ஈராயிரம் ஆண்டுக்கும் மேல் என்று வரலாற்று வாத்தியார்கூடச் சொன்னதில்லை. அவர் பானிப்பட்டுப் போரை முடிக்கவே மார்ச் ஆகிவிடும்.

பக்கத்துப் பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று, சரளை தோண்டிய குழியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவுக்கும் ஒரு பழங்கற்காலம் உண்டு என்பதற்கு அது சாட்சியானது. நாங்களும் அதே வட்டாரத்துக் கற்களைப் பொறுக்கியவர்கள்தாம். அவருக்குக் கிடைத்தது புகழ், எங்களுக்குப் புளியங்காய்.

பரிசளிப்பு முடிந்ததும் சங்கச் செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். திருநீர்மலை ஈமச்சின்னங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலிலேயே இருக்கின்றன, அடுத்த வருஷம் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகலாமே என்றேன். மனிதர் துள்ளிவிட்டார்.

"பிரமாதமான ஐடியா சார்! பார்க்குலயே சிமெண்ட்ல அந்த மாதிரி ஒரு வட்டம் கட்டிடலாம்."

"அசலே பக்கத்துல இருக்கே?"

"அங்க பார்க்கிங் கிடையாதே சார்!"