வீடு பார்க்க வருபவர்

சென்னையில் அடுக்ககம் வாங்க அலைபவருக்கு அடையாளங்கள் இரண்டு: கைப்பேசியில் திசைகாட்டி, கையிடுக்கில் முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ். ஈசானிய மூலையில் கழிப்பறை இருந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவார். அக்கினி மூலையில்தான் அடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குச் சுவரே அடுப்பாகும் என்பதை விசாரிக்க மாட்டார்.

அவர் வருவது தை மாதம், ராகுகாலம் தவிர்த்து, காலை பத்து மணிக்கு. அந்நேரத்தில் மொட்டை மாடிக்கு நேர்கீழ் வீடும் ஊட்டிதான். “காத்து பிச்சுக்கிட்டு வரும் சார், ஃபேனே வேணாம்” என்பார் தரகர், முழு வேகத்தில் சுழலும் ஃபேனுக்கடியில் நின்றபடி.

இதே மனிதர் ஃபிரிட்ஜ் வாங்கும்போது வேறு ஆள். மூன்று நட்சத்திரமா, ஐந்தா, வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று கடைக்காரரைக் குடைந்தெடுப்பார். வீட்டுக்கும் நட்சத்திரம் உண்டு என்றால், “ஓட்டலைச் சொல்றீங்களா?” என்பார்.

உண்மையில் வீட்டின் ஜாதகம் மீட்டர் பெட்டியருகே தொங்குகிறது. இரண்டு மாதத்துக்கொரு முறை கணக்கெடுப்பவர் கிறுக்கும் வெள்ளை அட்டைதான் அது. மார்கழிக் கணக்குக்கும் சித்திரைக் கணக்குக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால், வீட்டில் வெயில் எவ்வளவு குடியிருக்கிறது என்பது தெரியும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் முந்தைய யூனிட்டுகள் சிலவற்றின் விலையும் ஏறிவிடும். அட்டையை அவர் கேட்காமல் இல்லை. பாக்கி உண்டா, பெயர் மாற்றலாமா என்று பார்த்ததும் மடித்துக் கொடுத்துவிடுவார்.

அட்டையும் முழுதாக நம்பத்தக்கதல்ல. ஏசியைத் தொடாத முதிய தம்பதியின் வீடு, அனலடித்தாலும் அட்டையில் குளுமையாகவே தெரியும். மாறாக, மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு குடியிருப்பவரை விட்டுவிட்டுச் சுவரை அளக்கிறது. குளிர்ப் பிரதேசம் நீங்கலாக, வெளிச்சுவரும் ஜன்னலும் உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது; கூரைக்குத் தனிக் கணக்கு. வாஸ்துவைப் போலவே இதுவும் திசை கேட்கிறது. கூடவே கண்ணாடியின் பரப்பையும் சன்ஷேடின் நீளத்தையும் கேட்கிறது. ஐந்து நட்சத்திரம் வரையுள்ள வீட்டு முத்திரையோ கட்டுபவர் விரும்பினால் மட்டுமே. தரகரின் அகராதியில் அந்தச் சொல் இன்னும் ஏறவில்லை.

குடிவந்த முதல் மே மாதத்தில் அவரை மொட்டை மாடியில் காணலாம், கூலிங் டைல்ஸுக்குச் சதுர அடி விலை பேசிக்கொண்டு. அந்த வீட்டை விற்கும் நாளும் வரும். பார்க்க வருபவரைத் தை மாதம், காலை பத்து மணிக்கு வரச் சொல்வார்.