நெய்வேலி இமயவரம்பன்

இமயத்தில் வில் பொறித்துவிட்டு வந்ததால் சேரன் நெடுஞ்சேரலாதனுக்கு இமயவரம்பன் என்று பட்டம். பாவம், அந்தக் காலத்தில் பட்டம் வாங்க இமயம் வரை போக வேண்டியிருந்தது. என் மைத்துனன் நெய்வேலி டவுன்ஷிப்பை விட்டு நகராமலேயே அந்தத் தகுதியை அடைந்துவிட்டான். அவன் வீட்டு வாசலில் ஹிமாலயன் 450 நிற்கிறது. கைப்பிடியில் ஐந்து நிறத்தில் திபெத்தியப் பிரார்த்தனைக் கொடி பறக்கிறது. ஆன்லைனில் வாங்கியது, டெலிவரிக்குக் காசில்லை.

நெய்வேலியில் சாகச பைக் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஊரை அறியாதவர்கள். இங்கே சாலைகளைக் கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி அமைத்துவிட்டார்கள். வட்டத்துக்கு வட்டம் எண் கொடுத்து, இரண்டு பக்கமும் மரம் வைத்து, வழி தவற ஆசைப்பட்டாலும் தவற முடியாமல் செய்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் கைப்பிடியில் ஜிபிஎஸ் மாட்டிக்கொண்டு மெயின் பஜாருக்குக் கறிவேப்பிலை வாங்கப் போவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அது என் மைத்துனனிடம் இருக்கிறது.

வண்டி தேர்ந்தெடுப்பது எப்படி என்று அவனிடம்தான் பாடம் கேட்க வேண்டும். பெண் பார்க்கப் போனபோது காபி ஆறுவதற்குள் சம்மதம் சொன்னவன், வண்டிக்குப் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டான். இதை எனக்குச் சொன்னது அவன் மனைவி. அவள் சிரித்துக்கொண்டே சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது.

அவன் ஆராய்ச்சியின் ஆழத்தை ஒரு மாலையில் கண்ணால் பார்த்தேன். வீட்டு முன்னால் இருக்கும் வேகத்தடை பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் ஜாமென்ட்ரி பாக்ஸில் இருந்து எடுத்த அடிக்கோலால் அதன் உயரத்தை அளந்துகொண்டிருந்தான். வலது கையில் அடிக்கோல், இடது கையில் செல்போன், வாயில் பேனா மூடி. பின்னால் வந்த பால்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

"நாலு அங்குலம் மாமா. ஹிமாலயனுக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் 230 மில்லிமீட்டர். அதாவது ஒன்பது அங்குலம்."

"மீதி அஞ்சு அங்குலம்?"

"சேஃப்டி மாமா."

அளவு தெரிந்து வாழ்கிறவன் என்று இவனைத்தான் சொல்ல வேண்டும்.

மற்ற வண்டிகளை அவன் தள்ளிய நியாயமும் சாதாரணமானது அல்ல. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஒன்று இருக்கிறது. 2019-இல் வந்தபோது ஒரு லட்சத்துக்குள் கிடைத்தது. எடை சுமார் 150 கிலோ. சாய்ந்தால் ஒரே ஆள் தூக்கி நிறுத்திவிடலாம். எந்த ஊர்ப் பட்டறைக்காரரும் பயமில்லாமல் கை வைப்பார். இத்தனை குறை உள்ள வண்டியை யார் வாங்குவார்கள்? 2020-இல் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரில் ஒரு நண்பர் தயவில் உட்கார்ந்து பார்த்தான். அதன் சீட் உயரம் 855 மில்லிமீட்டர். என் மைத்துனன் ஐந்தடி நாலங்குலம். இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின; திரிசங்கு சொர்க்கம் கிடைத்தது. ஹிமாலயனில் 825 மில்லிமீட்டர்தான். அதில் கால் பெருவிரல் நுனி தரையைத் தொட்டது. அந்த நொடியில் முடிவு செய்துவிட்டான். 452 சிசி, 40 குதிரைத் திறன், 17 லிட்டர் டேங்க், முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் இறங்கி ஏறும் சஸ்பென்ஷன், மொத்த எடை 196 கிலோ. பெயர்தான் இமயம், வண்டி பிறப்பது நம் ஒரகடம் வட்டாரத்தில். எனவே வண்டி பிறந்த ஊரிலிருந்து நெய்வேலி வரை ஒருமுறை தெற்கே பயணம் செய்திருக்கிறது, லாரியில்.

வாங்கிய தேதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அவன் நாட்டுப்பற்று வெளிப்பட்டது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு வரை இந்த வண்டிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், அதன்மேல் 3 சதவீதம் செஸ். அன்று முதல் வரி மாறியது. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக ஏறியது. ஊரில் பாதிப் பேர் வரி இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். என் மைத்துனனும் காத்திருந்தான், ஆராய்ச்சி முடியட்டும் என்று. அது முடிந்தது அக்டோபரில். அதே அக்டோபரில் ஓசூர்க்காரர்கள் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300 என்று ஒரு சாகச வண்டியை இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான விலையில், 18 சதவீத வரிக்குள் அடங்கும்படி கொண்டுவந்தார்கள். சின்ன மனம் உள்ளவன் அங்கே சறுக்கியிருப்பான். இவன் 350-ஐத் தாண்டிய 102 சிசிக்காக 22 சதவீதம் கூடுதல் வரியைச் சந்தோஷமாகக் கொடுத்தான். 2023 நவம்பரில் 2 லட்சத்து 69 ஆயிரத்துக்கு அறிமுகமான வண்டியை மூன்று லட்சம் தாண்டிய பிறகு வாங்கினான். அதற்கு மேல் மாநில அரசின் ஆயுள் வரி, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம். மத்திய அரசும் மாநில அரசும் ஒரே ஆளை ஒரே நாளில் வாழ்த்துவது எல்லோருக்கும் வாய்க்காது.

அப்புறம் அணிகலன்கள். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, கிராஷ் கார்டு, கூடுதலாக இரண்டு விளக்கு, முட்டிக்கும் முழங்கைக்கும் கவசம் வைத்த ஜாக்கெட். இடது பெட்டியில் தயிர்சாதம் போகிறது. வலது பெட்டியில் குடை. அலுவலகம் நாலு கிலோமீட்டர். அந்த நாலு கிலோமீட்டருக்கும் சேர்த்து அவன் கவசம் பூட்டிக் கிளம்பும் அழகைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும். கத்திரி வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றிப் பிழிவதைப் பார்க்க இரண்டு கண் போதும்.

இந்த இடத்தில் எனக்கு ஔவையார் நினைவுக்கு வந்துவிடுகிறார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், அவனுடைய ஆயுதக் கொட்டிலைப் பார்த்துப் புகழ்ந்த பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. இங்கே ஆயுதங்கள் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில் சொன்னார். தொண்டைமான் அதைக் கேட்டு மகிழ்ந்தானா என்று தெரியவில்லை. நான் மைத்துனனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மகிழ்ந்தான். "கரெக்ட் மாமா, செயினுக்கு வாரம் ஒருமுறை லூப் அடிக்கணும்" என்றான்.

எங்கள் பக்கத்துக் கொல்லன் பட்டறையில் கிடப்பவை டிவிஎஸ் எக்ஸெல்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் செம்மண் தடம் இருக்கிறதே, மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் மாவு. அதில் 99.7 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு பின்னால் நாலு பலாப்பழம், முன்னால் ஒரு மூட்டை, நடுவில் தானும் என்று ஒருவர் வருவார். காலில் ரப்பர் செருப்பு. அவர் வண்டியில் கிளியரன்ஸ் எவ்வளவு என்று கேட்டால் பலாப்பழக் கணக்குத்தான் சொல்வார். இதற்கெல்லாம் சாகசம் என்று பெயர் வைக்க முடியுமா? அது பிழைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் அந்தத் தடத்தில் இறங்கினான். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முப்பதடி போனதும் பின்சக்கரம் மண்ணுக்குள் இறங்கி, நிதானமாக, யானை படுப்பது போல வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பெட்டிக்குள் இருந்த தயிர்சாதம் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. 196 கிலோவை நானும் அவனும் இரண்டு முறை தூக்கிப் பார்த்தோம். மூன்றாம் முறை ஒரு எக்ஸெல்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து கை கொடுத்தார். தூக்கி நிறுத்தியதும் சுற்றி வந்து பார்த்தார்.

"எங்க தம்பி போற வண்டி இது?"

"லடாக் அண்ணே."

"இந்தப் பக்கம் வழி இல்லியே" என்றார் அவர், நிஜமான அக்கறையோடு.

லடாக் நெய்வேலியிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கே கார்துங் லா கணவாயில் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தவர்கள் சுமார் எண்ணூறு அடி குறைவு என்கிறார்கள். போகாத ஊரின் இந்தக் கணக்கெல்லாம் மைத்துனனுக்கு மனப்பாடம். நெய்வேலியில் மலை என்று கண்ணுக்குத் தெரிவது சுரங்கத்தின் மேல்மண்ணைக் கொட்டிய மேடுகள்தான், அங்கே அனுமதி இல்லாமல் யாரும் ஏற முடியாது. உள்ளே 1,400 லிட்டர் பக்கெட்டுகள் சுழலும் எந்திரங்கள் சேற்றிலும் சரிவிலும் இரவு பகலாக ஊர்ந்துகொண்டிருக்கின்றன. பாவம், அவற்றுக்கு ஸ்டிக்கர் கூட ஒட்டவில்லை.

என் மாமனார் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். முப்பது வருடத்துக்கு மேல் ஹெர்குலிஸ் சைக்கிளில் ஷிப்ட் போனார். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடந்தபோது அவருக்கு ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. முந்திரியும் பலாவும் ஏக்கர் ஏக்கராகச் சாய்ந்த நாள் அது. டவுன்ஷிப் சாலையிலும் மரங்கள் குறுக்கே கிடந்தன. மனுஷன் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் ஏறி இறங்கி வேலைக்குப் போனார். டிபன் கேரியர் ஆடாமல் கையில் இருந்தது. திரும்பி வந்து சொன்னது ஒரே வார்த்தை: "வழியில கொஞ்சம் மரம்."

மகன் வாங்கிய வண்டியை அவரும் சுற்றி வந்து பார்த்தார். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "டிபன் கேரியர எதுலடா மாட்டுவ?" என்றார். ஆராய்ச்சியில் இந்தக் கேள்வி விட்டுப்போயிருந்தது.

முந்திரித் தோப்பு நாளுக்குப் பிறகு வண்டி உறைக்குள் போய்விட்டது. நல்ல உறை, மழைக்கும் தூசுக்கும் அசையாது. அலுவலகத்துக்கு இப்போது மனைவியின் ஸ்கூட்டர். மைத்துனன் மறுபடியும் இரவில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். ஐந்தடி நாலங்குலத்துக்கு ஏற்ற அடுத்த சாகச வண்டி எது என்று ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. இந்த முறை பதினான்கு மாதம் ஆகாது, அனுபவம் வந்துவிட்டது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு தகவல். ஹிமாலயன் 450, ஒரே கை, ஓடியது 1,140 கிலோமீட்டர், மண் பட்டது முப்பதடி. மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து பார்க்கலாம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரவும்.