ஞாயிறு பிற்பகல் கண்ணயர்வும் அதன் வகைப்பாட்டுச் சிக்கல்களும்: ஓர் ஆய்வு

தற்கால வாழ்வில் ஓய்வு நேரம் எவ்வாறு பகுக்கப்படுகிறது என்பது குறித்து எழுதியோர் பலர். அவர்களுள் எவரும் ஈஸி சேரின் அருகே போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். துணை நோக்கம் பதவி உயர்வு. ஆய்வு எல்லை: ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்புச் சாப்பாட்டுக்குப் பின், நாலு மணிக் காபிக்கு முன்.

முதற்கண் விலக்க வேண்டியவை. மாலை நடை: டாக்டர் சொல்லி நடப்பது, ஆகவே ஓய்வன்று. கோயில்: வாசலில் விட்ட செருப்பின் நினைவு இருக்கும்வரை ஓய்வன்று. உறவினர் வருகை: வந்தவர்க்கு மட்டும் ஓய்வு.

எஞ்சியது கண்ணயர்வு. நம் அகப்பொருள் இலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்து, நண்பகலைப் பாலைத் திணைக்கும் அதன் உரிப்பொருளான பிரிவுக்கும் ஒதுக்கிவிட்டது. சாப்பிட்ட கையோடு எவன் பிரிவான் என்று உரைகாரர்கள் யோசிக்கவில்லை. அவர்களுக்கு அப்போது ஒருவரையொருவர் மறுக்கும் வேலை இருந்தது.

எனவே ஐக்கிய நாடுகள் அவையிடம் போக வேண்டியதாயிற்று. அவ்வவையின் 2016-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு வகைப்பாடு, மனிதர் ஒரு நாளில் செய்யத்தக்க அனைத்தையும் 9 பெரும் பிரிவுகளில் அடைக்கிறது. இந்தியாவில் 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இதையே பின்பற்றியது. தேர்ந்தெடுத்த வீடுகளில் 6 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று, அதிகாலை 4 மணி தொடங்கி அரை மணிக்கு ஒரு கட்டமாகக் கேட்டு எழுதினார்கள்.

இங்கேதான் சிக்கல். படிப்பது, டி.வி. பார்ப்பது, சும்மா இளைப்பாறுவது எல்லாம் 8-ஆம் பிரிவு. தூக்கம் 9-ஆம் பிரிவு. அதனுள் குட்டித் தூக்கத்துக்குத் தனி இடம், தூக்கம் வராமல் புரள்வதற்கும் தனி இடம். ஆனால் முகத்தின்மேல் விரித்த செய்தித்தாள், மூச்சுக்கு மூச்சு எழுந்து தாழும் அதன் ஓரம், அடியில் குடும்பத் தலைவர், டி.வி.யில் பழைய படம். இவர் எட்டா, ஒன்பதா? ரிமோட்டை மெல்ல உருவிப் பார்த்தோம்.

"ஏய், பாத்துட்டிருக்கேன்ல."

"தூங்குனீங்களேப்பா."

"யாரு தூங்குனா? சும்மா கண்ண மூடிட்டிருந்தேன்."

மேலோட்டமாகப் படிப்போர் இதைப் பொய் என்பர். அன்று. இது 9-ஆம் பிரிவிலிருந்து 8-ஆம் பிரிவுக்கு மாற்றம் கோரும் முறையான மனு என்க.

எட்டாவாதிகள், ரிமோட்டின் மேல் பிடி தளராமையைச் சான்று காட்டுவர். ஒன்பதாவாதிகள் குறட்டையைக் காட்டுவர் (காண்க: மாமியார், அடுக்களை வாசற்படி உரை). இருசாராரையும் மறுத்து, கிரிக்கெட் ஸ்கோர் கேட்டால் கண் திறக்காமலே சரியாகச் சொல்கிறார் என்பதால் இது எட்டரை என்பாரும் உளர் (காண்க: மூத்த மகன், மொட்டைமாடி அறிக்கை, திருத்திய பதிப்பு, அதற்கு இளைய மகளின் மறுப்பு, அம்மறுப்பின் மீது எதிர்வீட்டு மாமா சுற்றுச்சுவரில் கை ஊன்றியபடி ஆற்றிய பேருரை, துணி காயப்போட்ட இடைவேளை நீங்கலாக, அக்கருத்து தம்முடையது என இஸ்திரிக்காரர் எழுப்பிய முன்னுரிமை வாதம், துணிக்கணக்கு நோட்டின் பின்னட்டை, கரிக்கறை படிந்த பகுதி, வாசிக்க இயலவில்லை, ஆயினும் ஏற்புடைத்து).

இப்பொருள் பற்றிப் பன்னாட்டுக் கருத்தரங்கமும் கூட்டினோம். மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் வணக்கம் சொல்லிக் கை கூப்பியபடியே உறைந்துபோனதால் அது பன்னாடு. சான்றிதழைக் காலையிலேயே கொடுத்துவிட்டதால் பிற்பகல் அமர்வில் கட்டுரை வாசித்தவரும் அமர்வுத் தலைவரும் மட்டுமே எஞ்சினர். தலைவர் கண்ணை மூடிச் செவிமடுத்தார். கைதட்டல் இல்லாததால் மைக்கைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. "அருமையான கட்டுரை, களப்பணி மட்டும் இன்னும் ஆழமாக அமைந்திருக்கலாம்" என்றார். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளிலும் இதே வாக்கியம் வழங்கிவருவதால், இதைத் தலைவரின் சொந்தக் கருத்தாகக் கொள்ள இடமில்லை.

இல்லத்தரசியரின் கண்ணயர்வு: தரவு போதாது. மேற்படி 2019 கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்த ஆண்கள், 97. ஆயினும் ஆய்வு நேர்மை கருதி ஈஸி சேருக்குப் பின்னால் தரையில் அமர்ந்திருந்த அம்மையாரையும் அணுகினோம். முறத்தில் முருங்கைக்கீரையை ஆய்ந்தபடி, அதே பழைய படத்தை அவ்வப்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இது வீட்டு வேலையாகிய 3-ஆம் பிரிவா, பொழுதுபோக்காகிய 8-ஆம் பிரிவா என்று வினவினோம். அவர் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு வாய் திறப்பதற்குள் செய்தித்தாளுக்கு அடியிலிருந்து தீர்ப்பு வந்தது:

"அவ டி.வி.தான் பாக்குறா. எட்டுன்னு போட்டுக்குங்க."